"வலி இல்லீங்களே டாக்டரம்மா"ன்னு சொல்லி விட்டுடாதீங்க

போன வருஷம் ஒரு அம்மா, வயசு 58, மருமகளோட ஏழாம் மாச செக்கப்புக்குத் துணைக்கு வந்திருந்தாங்க. நான் ஈரோடு பக்கம் ஒரு சின்ன ஊர்ல 19 வருஷமா மகப்பேறு மருத்துவரா இருக்கேன், இங்க பாதி விஷயம் இப்படித் துணைக்கு வர்றவங்ககிட்ட இருந்துதான் வெளிய வரும். மருமகளுக்கு ஸ்கேன் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்து அந்தப் பொண்ணு வெளிய போனதுக்கு அப்புறமும் இந்தம்மா எந்திரிக்கல, முந்தானைய விரல்ல சுத்திக்கிட்டே உக்காந்திருந்தாங்க. சொல்லுங்கம்மான்னேன். "ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா, வீட்டுக்குத் தூரம் நின்னு எட்டு வருஷம் ஆச்சுங்க, இப்ப ஆறு மாசமா அப்பப்ப லேசா படுதுங்க, சொட்டு சொட்டாத்தான், வலியெல்லாம் இல்லீங்க, அதான் பெருசா எடுத்துக்கல." பக்கத்து வீட்டுல ஒருத்தங்க, உடம்புல இன்னும் தெம்பு இருக்குன்னு அர்த்தம்னு வேற சொல்லிருக்காங்க, இவங்களும் நம்பிட்டாங்க.

அன்னைக்கே ஸ்கேன் பார்த்தோம். மாசம் நின்ன பொண்ணுக்கு ரத்தம் பட்டா, கர்ப்பப்பையோட உள் சவ்வு 4 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா ஓரளவு நிம்மதி, இவங்களுக்கு 14 இருந்துச்சு. உள்ள இருந்து கொஞ்சம் சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினோம், கேன்சர்னு வந்துச்சு. ஆனா கர்ப்பப்பையை விட்டு வெளிய போகல, ஆபரேஷனோட முடிஞ்சது, கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கக்கூட தேவைப்படல. இப்ப பேத்திய இடுப்புல வெச்சுக்கிட்டு செக்கப்புக்கு வர்றாங்க. மருமகளுக்கு அன்னைக்குச் செக்கப் இல்லாம இருந்திருந்தா இவங்க வந்தே இருக்க மாட்டாங்க, அதை நெனைச்சாதான் எனக்கு மனசு ஆறல.

மெனோபாஸ்னா என்னன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா இதுலயே நிறைய பேருக்குக் குழப்பம் இருக்கு. தொடர்ந்து 12 மாசம் பீரியட்ஸ் வரலைன்னாதான் நின்னுடுச்சுன்னு அர்த்தம், நம்ம நாட்டுல சராசரியா 46, 47 வயசுல நிக்குது, 40க்கு முன்னாடியே நின்னா அது சீக்கிரம், காரணம் பார்த்தே ஆகணும். அந்த 12 மாசத்துக்கு அப்புறம் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், பிங்க் கலர்ல லேசா கறை பட்டாலும், ஒரே ஒரு தடவைதான் பட்டுச்சுன்னாலும் டாக்டர்கிட்ட வரணும். பயமுறுத்தறதுக்காகச் சொல்லல, அப்படி வர்ற 100 பேர்ல ஒரு 9, 10 பேருக்குத்தான் கேன்சர் இருக்கும், மத்தவங்களுக்கு சவ்வு காய்ஞ்சு போனது, பாலிப்ங்கற சின்ன சதை வளர்ச்சின்னு ஏதாவது இருக்கும். ஆனா திருப்பிப் போட்டுப் பாருங்க, கர்ப்பப்பை உள் சவ்வுல கேன்சர் வர்ற பெண்கள்ல 100க்கு 90 பேருக்கு முதல் அறிகுறியே இந்த ரத்தம்தான். உடம்பு இவ்வளவு சீக்கிரம் சொல்லிக் காட்டற கேன்சர் ரொம்ப கம்மி, அதைப் போய் வலி இல்லைங்கற ஒரே காரணத்துக்காக விட்டுடறோம். குண்டா இருக்கறவங்க, சுகர் இருக்கறவங்க, சின்ன வயசுல பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தவங்க எல்லாம் இன்னும் கவனமா இருக்கணும், சினைப்பை வேலை செய்யறதை நிறுத்தினாலும் கொழுப்புல இருந்து ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் உருவாகிட்டே இருக்கும், அது உள் சவ்வைத் தடிக்க வெச்சுக்கிட்டே இருக்கும், அதை அடக்கற இன்னொரு ஹார்மோனான புரொஜெஸ்டிரான் இருக்காது.

நிக்கறதுக்கு முந்தின ரெண்டு மூணு வருஷம் இன்னொரு பிரச்சினை. 45 வயசுல 15 நாளுக்கு ஒருக்கா வரும், வந்தா பத்து நாள் நிக்காது, கட்டி கட்டியா போகும், நைட்டு துணி விரிச்சுப் படுப்பாங்க, கேட்டா "நிக்கற நேரம், அப்படித்தான் இருக்கும்னு எங்கம்மா சொன்னாங்க"ன்னு பதில் வரும். பீரியட்ஸ் தள்ளித் தள்ளி வந்து நிக்கறது இயல்பு. அதிகமாகி, நடுநடுவுல பட்டு, தாம்பத்யத்துக்கு அப்புறம் ரத்தம் வந்து நிக்கறது இயல்பு இல்ல. ரத்தசோகையாகி ஹீமோகுளோபின் 6, 7னு வந்து மாடிப்படி ஏற முடியாம மூச்சு வாங்கி, இதயத்துல ஏதோ பிரச்சினைன்னு வேற டாக்டர்கிட்ட அலைஞ்சு கடைசியா என்கிட்ட வந்தவங்க நிறைய பேர் இருக்காங்க.

இப்ப மார்புக்கு வர்றேன். இதுலதான் இந்த "வலி இல்ல" ரொம்பவே ஏமாத்துது. மார்பு வலிக்குதுன்னு வர்றவங்கதான் அதிகம், பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் கனத்து வலிக்கறது பெரும்பாலும் ஹார்மோன், கேன்சர் இல்ல. ஆனா மார்பகக் கேன்சர் கட்டி ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது. தொட்டா கெட்டியா, ஒரு இடத்துல நின்ன மாதிரி இருக்கும், அது பாட்டுக்கு வளரும்.

ஒரு டீச்சர், 47 வயசு. குளிக்கும்போது கையில கட்டி தட்டுப்பட்டிருக்கு, பால் கட்டின்னு நெனைச்சு விளக்கெண்ணெய் தடவியிருக்காங்க, கடைசிக் குழந்தை பால் குடிச்சு 17 வருஷம் ஆச்சு. அப்புறம் பொண்ணு பன்னெண்டாவது, எக்ஸாம் முடியட்டும்னு இருந்தாங்க, எக்ஸாம் முடிஞ்சதும் கவுன்சிலிங், அது முடிஞ்சதும் ஹாஸ்டல்ல சேர்க்கணும், இப்படியே ஒரு வருஷம் போச்சு. என்கிட்ட வரும்போது தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா ஆகி, அக்குள்ளயும் கட்டி இறங்கிடுச்சு. ஏம்மா இவ்வளவு நாள்னு கேட்டதுக்கு, "வலிச்சிருந்தா வந்திருப்பேன் மேடம்"னாங்க. அப்புறம் மெதுவா, ஊசி குத்தினா பரவிடும், கத்தி பட்டா பரவிடும்னு எல்லாரும் சொன்னாங்க அதான் பயந்துட்டேன்னும் சொன்னாங்க. இதை நான் எத்தனை தடவை வேணாலும் சொல்லுவேன், பயாப்சி ஊசியால கேன்சர் பரவாது. நாள் கடத்தறதுலதான் பரவுது. ஊசிக்கு அப்புறம் வியாதி முத்தின மாதிரி தெரியறவங்க எல்லாம் ஏற்கனவே முத்தினதுக்கு அப்புறம் ஊசி போட வந்தவங்க.

இந்தியப் பெண்களுக்கு வர்ற கேன்சர்ல இன்னைக்கு மார்பகக் கேன்சர்தான் முதல் இடம், 2022 கணக்குப்படி ஒரு வருஷத்துல புதுசா 1 லட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேல. எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே, எனக்கு எப்படி வரும்னு கேப்பாங்க. பரம்பரையா ஜீன்ல வர்றது 100க்கு 5ல இருந்து 10 வரைக்கும்தான், மீதி பேருக்கு அப்படிப் பரம்பரை ஜீன் கோளாறு இல்லாமலேதான் வருது. குழந்தைக்குப் பால் கொடுத்தா ஆபத்து குறையும், உண்மைதான், ஆனா குறையுமே தவிர வராதுன்னு இல்ல, அந்த டீச்சர் ரெண்டு குழந்தைக்கும் பால் கொடுத்தவங்கதான்.

மாசத்துக்கு ஒருக்கா உங்க மார்பை நீங்களே கண்ணாடி முன்னாடி நின்னு பாருங்க, பீரியட்ஸ் வந்த அஞ்சு ஏழு நாள் கழிச்சுப் பாத்தா நல்லது, நின்னு போனவங்க அமாவாசையோ ஒண்ணாந்தேதியோ மறக்காத ஒரு நாளை வெச்சுக்கோங்க. விரல் நுனியால கிள்ளிப் பாக்காதீங்க, கிள்ளினா எல்லா மார்பும் கட்டி மாதிரிதான் தெரியும். நடு மூணு விரலையும் தட்டையா வெச்சு சோப்புக் கையோட வட்டமா அழுத்திட்டே அக்குள் வரைக்கும் வாங்க. காம்பு புதுசா உள்ள இழுத்திருக்கா, ஒரு பக்கம் மட்டும் ரத்தமோ நீரோ தானா வடியுதா, காம்புல ஆறாத சொறி இருக்கா, தோல் குழி விழுதா, ஒரு பக்கம் மட்டும் சைஸ் மாறியிருக்கா, இதுல எது இருந்தாலும் அந்த வாரமே வாங்க. டாக்டர் கையால பாக்கறது, மேமோகிராமோ (மார்புக்கு எடுக்கற எக்ஸ்ரே) ஸ்கேனோ, தேவைப்பட்டா ஊசியில சதை எடுக்கறது, இந்த மூணையும் சேர்த்து வெச்சுத்தான் முடிவு சொல்லுவோம். கட்டின்னு வர்றதுல பெரும்பாலானது கேன்சர் இல்ல, அதையும் கேட்டுக்கோங்க.

மேமோகிராமுக்கு வசதி இல்லாதவங்க என்ன பண்றதுன்னு கேப்பீங்க. மும்பைல டாடா மெமோரியல் ஆஸ்பத்திரிக்காரங்க ஒண்ணரை லட்சம் பெண்களை வெச்சு 20 வருஷம் ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க, 2021ல வெளிவந்துச்சு. பெரிய மிஷின் எதுவும் இல்ல, பயிற்சி கொடுத்த பெண் சுகாதாரப் பணியாளர்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கையால தொட்டுப் பார்த்தாங்க, அவ்வளவுதான். 50 வயசு தாண்டினவங்கள்ல மார்பகக் கேன்சர் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. பயிற்சி எடுத்த ஒரு கை இவ்வளவு பண்ணுதுன்னா, அந்தக் கை நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இருக்கு, 30 வயசு ஆன பெண்களுக்கு மார்பும் கர்ப்பப்பை வாயும் இலவசமாப் பாக்கறாங்க. சுகர் மாத்திரை வாங்கப் போறப்பவே இதையும் கேட்டுப் பாத்துட்டு வந்துடலாம். கேன்சர்னு உறுதியானா முதலமைச்சர் காப்பீட்டு அட்டைல சிகிச்சைக்கு வழி இருக்கு, காஞ்சிபுரத்துல அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கு, 1954ல முத்துலட்சுமி ரெட்டி அம்மா ஆரம்பிச்ச சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் இருக்கு. தன் தங்கச்சிய கேன்சருக்குப் பறிகொடுத்த ஒரு டாக்டர் விடாம நின்னு கட்டின இடம் அது, அதனாலயே அந்தப் பேரைச் சொல்லும்போது எனக்கு ஒரு மரியாதை வரும்.

இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு நடக்குது. மெனோபாஸ்ல நிஜமாவே பாடாப் படுத்தற தொந்தரவுகளை மட்டும் எல்லாரும் "இந்த வயசுல அப்படித்தான்"னு சொல்லித் தாங்கிக்கச் சொல்றாங்க. நெஞ்சுல இருந்து குபுக்குனு சூடு ஏறி முகமெல்லாம் எரியும், ரெண்டு நிமிஷத்துல வேர்த்துக் கொட்டும், அப்புறம் குளிரும், ராத்திரி நாலு தடவை எந்திரிச்சு வெறுந்தரையில படுக்கறவங்க இருக்காங்க. ஈஸ்ட்ரோஜன் குறையறதால மூளையில சூட்டைக் கட்டுப்படுத்தற இடம் தடுமாறுது, அதான் விஷயம், இது மனசுக் கோளாறு இல்ல, சராசரியா ஏழு வருஷம்கூட இருக்கலாம். ஏழு வருஷம் சரியாத் தூங்காத ஒருத்திகிட்ட போய் ஏன் சிடுசிடுன்னு இருக்கேன்னு கேக்கறது நியாயமா?

இதுக்கு மாத்திரை இருக்கு. ஹார்மோன் மாத்திரைன்னாலே கேன்சர் வரும்னு பயம், அந்தப் பயம் 2002ல அமெரிக்காவுல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில இருந்து பரவினது, அதுல இருந்தவங்களோட சராசரி வயசே 63. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரான் மாதிரி ஹார்மோன் ரெண்டும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவங்கள்ல ஒரு வருஷத்துக்கு 10,000 பேர்ல 8 பேருக்குக் கூடுதலா மார்பகக் கேன்சர் வந்துச்சு, இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா 60 வயசுக்குள்ள, மாசம் நின்னு பத்து வருஷத்துக்குள்ள, வேற வியாதி இல்லாம ராத்திரி தூக்கமே இல்லாம தவிக்கற ஒருத்தருக்கு நன்மைதான் அதிகம். மார்பகக் கேன்சர் வந்தவங்க, காலுல ரத்தம் உறைஞ்சவங்க, காரணம் தெரியாம ரத்தம் படறவங்க இவங்களுக்குக் கொடுக்க மாட்டோம், ஹார்மோன் இல்லாத வேற மருந்து இருக்கு. தயவுசெஞ்சு தெரிஞ்சவங்க சாப்பிடறாங்கன்னு மருந்துக்கடையில வாங்கிச் சாப்பிடாதீங்க, கர்ப்பப்பை இருக்கறவங்க ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியா எடுத்தா நான் மேல சொன்ன அதே உள் சவ்வு தடிச்சுடும்.

கீழ வறண்டு போய் தாம்பத்யத்துல வலி, அடிக்கடி யூரின் எரிச்சல், இதைக் கணவர்கிட்டகூட சொல்ல முடியாம தள்ளித் தள்ளிப் படுத்துக்கறாங்க, அவர் வேற மாதிரி எடுத்துக்கறார். கொஞ்சூண்டு க்ரீம்ல சரியாகற விஷயம் இது.

இன்னொரு கூட்டம், "எனக்குத்தான் 38 வயசுலயே கர்ப்பப்பை எடுத்தாச்சே, எனக்கு ஒண்ணும் வராது"ன்னு இருக்கறவங்க. ரெண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்திருந்தா உங்களுக்கு அன்னைக்கே மெனோபாஸ் வந்துடுச்சு, எலும்பு தேயறது பத்து வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சுடுச்சு. மார்பு அங்கயேதான் இருக்கு, அதையும் பாக்கணும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்து சினைப்பை எடுத்தாங்களான்னு பாருங்க, கிடைக்கலைன்னா ஸ்கேன்ல பாக்கலாம்.

சொல்லக் கூச்சமா இருந்தா எழுதிக் கொடுங்க. ரெண்டு மாசம் முன்னாடி 44 வயசுல ஒருத்தங்க வந்தாங்க, கூட மாமியாரும் வீட்டுக்காரரும். கர்ச்சீப்புக்குள்ள மடிச்சு வெச்சிருந்த ஒரு துண்டுச் சீட்டை என் டேபிள் மேல வெச்சாங்க, பழைய நோட்டுல கிழிச்சது. "மார்பில் கட்டி. 3 வாரம். வலி இல்லை. இவங்க முன்னாடி கேக்காதீங்க." நான் மத்த ரெண்டு பேரையும் வெளிய உக்காரச் சொல்லிட்டு ஸ்கேன் பார்த்தேன். சாதாரண நீர்க்கட்டி, ஊசியில நீரை உறிஞ்சினதும் வத்திடுச்சு, ஆறு வாரம் கழிச்சு ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருந்தேன், வந்தாங்க, கட்டி திரும்ப வரல. மூணு வாரத்துல வந்தவங்க அவங்க.