நம்ம மாவட்டம் எந்த நிறம்?

காரைக்குடிப் பக்கம் ஜிஐஎஸ் வரைபட வேலை செய்கிறேன், அதாவது புள்ளிவிவரங்களைக் கணினியில் வரைபடமாக்கி ஊர் ஊராக நிறம் பூசும் வேலை. படத்தை நீட்டியதும் வரும் முதல் கேள்வி, "நம்ம மாவட்டம் எந்த நிறத்துல இருக்கு?" என்பதுதான். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை அந்த நிறம் என்று யாரும் கேட்பதில்லை.

நிதி ஆயோக் 2023ல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீடு (2019-21 தரவு) உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் மூன்றிலும் உள்ள குறைகளை வைத்து ஏழைகளை எண்ணுகிறது. அதில் ஏழைகள் பீகாரில் 33.76 சதவீதம், தமிழ்நாட்டில் 2.20. வறுமை கூடக் கூட நிறம் அடர்த்தியாகும் படத்தில் இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்தால் தமிழ்நாடு முழுக்க வெளிர் நிறமாகிவிடும். ஆனால் வளர்ச்சியில் பின்தங்கியவை என்று 2018ல் மத்திய அரசு தேர்ந்தெடுத்த 'முன்னேற விழையும் மாவட்டங்களில்' நம் பக்கத்து ராமநாதபுரமும் விருதுநகரும் உண்டு. தமிழ்நாட்டுக்கு மட்டும் தனி அளவுகோல் போட்டால் ஏதோ ஒரு மாவட்டம் அடர் நிறமாகத் தெரிந்தே தீரும், அதுவும் முழு உண்மை இல்லை. அதனால் இரண்டு படமும் வேண்டும் என்பேன்.

செட்டிநாட்டில் சிக்கல் இன்னும் சுவாரசியமானது. அந்தக் குறியீட்டின் 12 அளவைகளில் வீடும் ஒன்று. தரை, சுவர், கூரை எதனால் ஆனது என்றுதான் பார்ப்பார்கள். கானாடுகாத்தானில் ஆத்தங்குடிக் கல்லும் பர்மா தேக்குமாக இருக்கும் வீட்டின் சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வீடு திறக்கும். பின்கட்டில் குடியிருக்கும் காவலாளி குடும்பத்துக்கு இந்த அளவையில் குறையே வராது! வீடு யாருடையது, அவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள் என்பது அந்தக் கட்டத்துக்குள் வராது. தலைக்கு இவ்வளவு வங்கி டெபாசிட் என்று கணக்குப் போட்டாலும் இதே கதைதான், பணம் இங்கே இருக்கும், ஆள் வெளியூரில். நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) கோயில்களில் கல்யாணமான குடும்பத்தை ஒரு புள்ளியாக எண்ணும் புள்ளிக் கணக்கு, ஆள் எங்கே இருந்தாலும் ஊரோடு சேர்த்து எண்ணும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கும் இடத்தில் எண்ணும். இரண்டும் வேறு வேறு ஊர்கள் என்றே சொல்லலாம்.

அப்புறம் மாவட்ட சராசரி. அந்த 2019-21 தரவைத் தந்த தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 707 மாவட்டங்களில் சுமார் 6.37 லட்சம் வீடுகளில் நடந்தது, சராசரியாக மாவட்டத்துக்கு 900 வீடு. அதை வைத்து சிவகங்கை மாவட்டத்தின் 12 ஊராட்சி ஒன்றியங்களுக்கும் தனித்தனியாக நிறம் பூசித் தாருங்கள் என்பார்கள், நான் முடியாது என்றுவிடுவேன். ஒன்றியத்துக்கு 75 வீடு வைத்துக்கொண்டு சாக்கோட்டையையும் இளையான்குடியையும் ஒப்பிடுவது ஊகம்தான். அங்கன்வாடி எடைப் பதிவேடு, பள்ளி இடைநிற்றல் பட்டியல், எந்தத் தெருவில் கோடையில் லாரித் தண்ணீர் என்ற விவரம், இவை கிடைத்தால் செய்யலாம்.

பரப்பும் கண்ணை ஏமாற்றும். 2011 கணக்கில் ஜெய்சல்மர் 38,401 சதுர கிலோமீட்டர், 6.7 லட்சம் பேர்; அன்றைய சென்னை 175 சதுர கிலோமீட்டருக்குள் 46 லட்சம். இந்தியப் படத்தில் சென்னை ஒரு புள்ளி. அதனால் நிறத்தோடு, ஆள் எண்ணிக்கைக்கேற்ற வட்டத்தையும் போடச் சொல்லுங்கள்.

ஒன்றிய அளவுப் படம் உங்கள் கைக்கு வந்தால் எல்லைக்கோடு எந்த ஆண்டுடையது என்றும் பாருங்கள். காரைக்குடி 2024ல் மாநகராட்சியானபோது பக்கத்து ஊர்கள் சில உள்ளே வந்துவிட்டன. 2011 எண்ணையும் புதிய எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து "வளர்ச்சி" என்று யாராவது காட்டினால், முதலில் இரண்டையும் ஒரே எல்லைக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள்.