கிட்டாரின் கழுத்து: அரை மில்லிமீட்டர் கணக்கு

எஃகுத் தந்தி பூட்டிய அக்கூஸ்டிக் கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமானது. வாசித்தாலும் சுவரில் மாட்டி வைத்தாலும் இந்த இழுவிசை இரவு பகலாகத் தொடர்கிறது. ஏகாண்ட வீணையில் உடலான குடமும் கழுத்தான தண்டியும் ஒரே பலாக்கட்டையில் குடைந்தெடுக்கப்படுவதால் இணைப்பு என்ற சிக்கலே எழுவதில்லை. சுர இடங்களைக் காட்டும் மெட்டுகளும் மெழுகின் மேல் அமர்வதால் காதால் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். கிட்டாருக்கு அந்த வசதி கிடையாது. அதன் மெட்டுகளான ஃபிரெட்டுகள் கணக்குப் போட்டு அறுத்த காடிகளில் இறுகிவிடுகின்றன, கழுத்தோ தனி மரமாகச் செதுக்கப்பட்டு உடலில் பொருத்தப்படுகிறது.

கழுத்துக்கு உரிய மரம் மிகக் கடினமானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. முறுக்கேறாததாக இருக்க வேண்டும். உலகெங்கும் மகோகனி விரும்பப்படுவதற்கு அதுவே காரணம், தமிழ்நாட்டுத் தோட்டங்களில் வளரும் மகோகனியும் நன்றாக உலர்ந்திருந்தால் இதற்குப் போதும். கிருஷ்ணகிரியில் எளிதில் கிடைக்கும் மா மரத்தைக் கிட்டாரின் பின்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்றாலும், அதன் நார்கள் அடிக்கடி பின்னிக் கிடப்பதால் கழுத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டையின் முனையைப் பார்க்கும்போது வளர்ச்சி வளையக் கோடுகள், ஃபிரெட்டுகள் பதியும் பலகையான ஃபிரெட்போர்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பெரும்பாலான மரங்கள் ஆரத்தின் திசையில் சுருங்குவதைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை வளையத்தின் திசையில் சுருங்குகின்றன. கோடுகள் சாய்ந்திருந்தால் இந்த வேறுபாடே கழுத்தைத் திருகிவிடும்.

இங்குள்ள பருவநிலை இதைப் புறக்கணிக்க விடாது. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்கும்போது மரம் தன்னுள் ஏறத்தாழ 16 சதவீத நீரைத் தேக்கிக்கொள்கிறது, 30 சதவீதத்துக்கு இறங்கினால் அது 6 சதவீதத்தை நெருங்குகிறது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரில் மழைக்காலத்தில் பொருத்தம் பார்த்த மூட்டு, ஏப்ரல் மாதப் பிற்பகலில் தருமபுரிக்கு வந்து சேரும்போது அதே அளவில் இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆகவே பட்டறையிலேயே பல மாதங்கள் கிடந்து காற்றோடு பழகிய கட்டையைத்தான் எடுக்க வேண்டும்.

தலைப்பகுதி பொதுவாக 15 பாகை அளவில் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கழுத்தின் மேல்முனையில் தந்தியைத் தாங்கும் நட் என்ற சிறு கட்டையின் மீது தந்தி அழுந்துவதற்கு இந்தச் சாய்வு தேவை. சாய்வை ஒரே கட்டையில் வெட்டினால் அந்த வளைவில் நார் குறுக்கே அறுபட்டு, கிட்டார் கீழே விழும்போது சரியாக அங்கேதான் ஒடியும். கட்டையைச் சாய்வாக அறுத்து, துண்டைத் திருப்பி வைத்து ஒட்டுவது இதற்குப் பழைய, நல்ல தீர்வு.

செதுக்கும்போது உளியையும் அரத்தையும் விட முக்கியமானது எங்கே நிறுத்துவது என்ற அறிவு. ஒரு மரத்தின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். முதல் ஃபிரெட் அருகே 21 மில்லிமீட்டர் கனமுள்ள கழுத்தை, கைக்கு இதமாக இருக்கட்டும் என்று 19 மில்லிமீட்டராக இழைத்தால் அதன் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்யூ 1923இல் காப்புரிமை பெற்ற டிரஸ் ராட், கழுத்தின் உள்ளே ஓடும் எஃகுக் கம்பி. அதைத் திருகிக் கழுத்தின் வளைவைச் சீராக்கலாம். கழுத்து உடலோடு சேரும் கோணத்தை அதனால் மாற்ற முடியாது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு திருகியைத் திருப்பிக்கொண்டே இருப்பவர்கள் பலர்.

அந்தக் கோணம் தீர்மானிக்கப்படுவது ஹீல் எனப்படும் கழுத்தின் அடிப்பகுதியில். ஃபிரெட்டுகளின் மேல் நேர்க்கோல் ஒன்றை வைத்து நீட்டினால் அதன் முனை, உடலின் மேல் தந்திகள் பூட்டப்படும் கட்டையான பிரிட்ஜின் மேற்பரப்பைச் சற்றே தொட வேண்டும். தந்தியின் நீளம் 645 மில்லிமீட்டர் என்றும், 14ஆம் ஃபிரெட்டில் கழுத்து உடலைச் சந்திக்கிறது என்றும் கொண்டால், அங்கிருந்து பிரிட்ஜில் தந்தி அமரும் விளிம்பான சேடிலுக்கு 287 மில்லிமீட்டர். ஹீலின் உயரம் 90 மில்லிமீட்டர். ஹீலின் கீழ்முனையில் அரை மில்லிமீட்டரும், மேலே போகப் போகச் சுழியுமாகச் சீவினால் கழுத்து பின்னே சாய்ந்து, நேர்க்கோலின் முனை பிரிட்ஜில் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேல் உயர்கிறது. 12ஆம் ஃபிரெட்டின் மேல் தந்தி நிற்கும் உயரமே 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும்.

ஹீலில் புறாவின் வால்போல் விரியச் செதுக்கிய முளையான புறாவால் கழுந்தைப் பொருத்துவதற்குக் கண்ணை நம்புவதில்லை. உடலில் வெட்டிய குழியின் சுவர்களில் கலர் சாக்குக்கட்டியைத் தேய்த்து, கழுந்தை உள்ளே இறக்கி வெளியே எடுத்தால், மேடான இடங்களில் மட்டும் அந்தத் தூள் ஒட்டியிருக்கும். ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் வருடிவிட்டு மீண்டும் இறக்க வேண்டும். கன்னங்கள் இரண்டிலும் தூள் சீராகப் பரவி, பசையில்லாமலேயே கழுத்து அசையாமல் நிற்கும் வரை இது தொடரும். அதே வேளையில் நட்டின் நடுவிலிருந்து பிரிட்ஜின் நடுவுக்கு நூல் பிடித்து, பக்கவாட்டில் விலகவில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். சீவுந்தோறும் கழுத்து உடலுக்குள் மேலும் நெருங்குவதால், பிரிட்ஜைக் கடைசியில்தான் ஒட்ட வேண்டும். முன்கூட்டியே ஒட்டினால் 12ஆம் ஃபிரெட் தந்தியின் நடுப்புள்ளியிலிருந்து நகர்ந்துவிடும்.

ஒட்டுவதற்கு நம் தச்சர்கள் முன்பு காய்ச்சிப் பயன்படுத்திய விலங்குப் பசையான வச்சிரம் இன்றும் ஏற்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல இழுவிசையால் உடலே மெல்ல உருமாறித் தந்திகள் உயரும்போது, கழுத்தைக் கழற்றிக் கோணத்தைத் திருத்தியாக வேண்டும். 15ஆம் ஃபிரெட்டைப் பிடுங்கி, அதன் காடியில் சிறு துளையிட்டு நீராவியைச் செலுத்தினால் வச்சிரம் இளகி மூட்டு பிரிந்துவிடும். எபாக்சி என்ற செயற்கைப் பசை போட்டு ஒட்டிய கழுத்து அப்படி எளிதில் பிரியாது; கழற்ற முயன்றால் பெரும்பாலும் சுற்றியுள்ள மரமும் சேர்ந்தே பிய்ந்து வரும்.