தகதகவென்று மின்னினால் சந்தேகப்படுங்கள்

இங்கிலாந்தில் இருக்கும் வாசகர் ஒருவர் படங்கள் அனுப்பிக் கேட்டிருந்தார். பழைய சாமான் சந்தையில், முதல் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் பீரங்கிப் படை கேப்டனின் காக்கிக் கோட்டு ஒன்று தொப்பியோடு கிடைத்திருக்கிறது. பேட்ஜ் எதுவும் இல்லாததால் தனியாக ஒரு செட் வாங்கியிருக்கிறார். "தங்கம் மாதிரி புதுசாக இருக்கிறது. குத்திவிடலாமா?"

வேண்டாம்.

சுலபமானதை முதலில் முடித்துவிடுவோம். அன்றைய அதிகாரிகளுக்குப் பதவிக் குறி கோட்டுக் கையின் நுனியில் இருந்தது. கேப்டனுக்கு மூன்று நட்சத்திரம். மறைந்திருந்து சுடும் எதிரிக்கு அது வசதியாகப் போனதால் சிலர் தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள். 1920இல் கைக்குறியே ஒழிந்தது. உங்கள் கோட்டின் கையில் நாடா வேலைப்பாடு இருக்கிறது, ஆகவே தோளை வெறுமனே விடுங்கள். காலரில் வருவது தீப்பிழம்போடு கூடிய எறிகுண்டு. பிழம்புகளை எண்ணுங்கள்: பீரங்கிப் படைக்கு ஏழு, பொறியாளர் படைக்கு ஒன்பது. உங்களுடையதில் ஏழு இருக்கிறது, சரி.

தொப்பி பேட்ஜில் பீரங்கிக்கு மேலே ஒரு கிரீடம் உண்டு. 1901இல் விக்டோரியா இறந்தபின் வந்த மன்னர்கள் காலத்தில் அது உருண்டையான டியூடர் கிரீடம். எலிசபெத் அரசியாரின் காலத்தில், 1953 முதல், நடுவில் பள்ளம் விழுந்த புனித எட்வர்டு கிரீடம். உங்களுடையது உருண்டை, அதை நம்பித்தான் வாங்கியிருப்பீர்கள். ஆனால் இப்போதைய மன்னர் சார்லஸும் டியூடர் கிரீடத்துக்கே திரும்பிவிட்டார். போன வருஷம் செய்த பேட்ஜிலும் உருண்டைக் கிரீடம் இருக்கலாம்.

அதனால் கண்ணை விட்டுவிட்டுக் கையை நம்புங்கள். "இறகு மாதிரி லேசாக இருக்கிறது" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான். பித்தளையின் அடர்த்தி தண்ணீரைப் போல எட்டரை மடங்கு, அலுமினியத்துக்கு 2.7 மடங்குதான். உங்களிடம் இருப்பது தங்கநிறச் சாயமேற்றிய அலுமினியம். பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இந்த வகை பேட்ஜ் வந்ததே 1950களில்தான்.

சாயமா, உலோகத்திலா? எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் இதுதான். அலுமினியத்தின் மேல் எப்போதுமே சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் இருக்கும். கந்தக அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு, மின்சாரத்தின் நேர்முனையை அதில் இணைத்தால் அந்தப் படலம் ஆயிரம் மடங்குக்கும் மேல் தடிக்கும். வெறுமனே தடித்தால் சுவாரஸ்யம் இல்லை. மின்சாரம் ஒருபக்கம் ஆக்சைடைக் கட்டிக்கொண்டே போக, அமிலம் மறுபக்கம் அதைக் கரைத்துக்கொண்டே வருகிறது. எங்கே கொஞ்சம் குழிந்திருக்கிறதோ அங்கே மின்புலம் கூடி, குழி இன்னும் ஆழமாகிறது. இந்த இழுபறியில் படலம் முழுக்க, தேனடை போல, நேராகக் கீழிறங்கும் நுண்குழாய்கள் உண்டாகின்றன. தலைமுடியின் குறுக்கே சில ஆயிரம் குழாய்களை அடுக்கலாம், அவ்வளவு மெல்லியவை. பிறகு சாயத்தில் முக்கினால் அது குழாய்களுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். கடைசியாக வெந்நீர்! ஆக்சைடு தண்ணீரை ஏற்று உப்பி, குழாயின் வாய் தானாக மூடிக்கொள்கிறது, சாயம் உள்ளே சிறைப்பட்டுவிடுகிறது. சிப்பாய் இனி பாலிஷ் போட்டு மாளவேண்டியதில்லை.

விற்றவர் "ஒரிஜினல்" என்று சான்றிதழ் தந்ததாகச் சொல்கிறீர்கள். தாயத்துக்கு உள்ள மதிப்புதான் அதற்கும். சமையலறைத் தராசு அதைவிட நேர்மையானது.

சரி, எதைத் தேடுவது? 1902இல் வந்த காக்கிச் சேவை உடையில் அதிகாரிகள் குத்தியது மின்னாத பேட்ஜ். வெண்கலச் சாயலில், பழுப்பாக இருக்கும். அச்சில் அடித்ததா, வார்த்ததா என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அடித்ததில் கோடுகள் கூர்மையாகவும், வார்த்த நகலில் மழுங்கலாகவும் பொடிக்குழிகளோடும் இருக்கும்.

அப்புறம், அப்படி ஒன்று கிடைத்தால், ஊர் ஞாபகத்தில் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்தப் பழுப்பு அழுக்கில்லை, செம்பு கலந்த உலோகத்தின் மேல் வேண்டுமென்றே ஏற்றிய மெல்லிய தோல். நம் வீட்டுக் குத்துவிளக்கின் கருமையைப் புளியின் அமிலம் கரைப்பது போலவே அதையும் கரைத்துவிடும், உங்கள் கேப்டன் மறுபடி தகதகவென்று மின்னுவார்.