இரண்டாவது இரவில் எழுந்து போகிறவர்கள்

“ஏம்மா, ஒண்ணு சொல்லணும். டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க.”

பினாங்கில் வார்டு மருந்தாளுநராக இருக்கும் எனக்கு இது பழகிப்போன பேச்சு. பெரும்பாலும் அம்மாக்கள்தான் திரைக்கு வெளியே வந்து, குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். மகன் காய்ச்சலோடோ, கையில் சீழ்க்கட்டியோடோ படுத்திருப்பார். அவர் ஹெராயின் எடுப்பது வீட்டுக்குத் தெரியும், வார்டுக்குத் தெரியாது. சொந்தக்காரர்கள் காதுக்குப் போனால் மானம் போய்விடும் என்ற பயம்.

தயவுசெய்து சொல்லிவிடுங்கள், முதல் நாளே. கடைசியாக எப்போது எடுத்தார் என்பதையும் சேர்த்து.

ஹெராயினை நிறுத்திய 8 முதல் 24 மணி நேரத்தில் ‘கியான்’, அதாவது போதைப்பொருள் கிடைக்காமல் உடம்பு படும் அவஸ்தை, தொடங்கிவிடும். கொட்டாவி, மூக்கொழுகல், உடம்பெல்லாம் மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, கால் எலும்புக்குள் பிடித்து இழுக்கிற வலி. இரண்டு மூன்று நாளில் அது உச்சத்துக்குப் போகும். நோயாளி டிரிப்பைக் கழற்றிவிட்டு எழுந்து போவதும் அநேகமாக அப்போதுதான்.

முன்பு நான் வேலை செய்த மருத்துவமனையில் முப்பது வயது கடந்த ஒருவர். இதய வால்வில் கிருமித் தொற்று, ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். இரண்டாவது இரவு ‘ஏ.ஓ.ஆர்.’ பாரத்தில் (சொந்தப் பொறுப்பில் வெளியேறுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது) கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். “சொன்ன பேச்சு கேட்காத ஆள்” என்றோம். நானும்தான் சொன்னேன். அவருடைய மருந்துச் சீட்டில் கிருமிக்கொல்லி இருந்தது, காய்ச்சல் மாத்திரை இருந்தது, கியானுக்கு ஒன்றுமே இல்லை. மூன்று வாரம் கழித்து மூச்சுவாங்கத் திரும்பி வந்தவரைக் காப்பாற்ற முடியவில்லை. அவர் பிழைக்க விரும்பாமல் போகவில்லை. வலி தாங்காமல் போனார். அந்தச் சீட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

இதற்கு மருந்து இருக்கிறது. ஹெராயின் இனத்தையே சேர்ந்த, குடிக்கும் மருந்தான மெதடோனைக் கொண்டு செய்யும் சிகிச்சை மலேசியாவில் 2005இல் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் மெதடோனையும் அதே இனத்து இன்னொரு மருந்தான புப்ரினார்ஃபினையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்ததும் அதே ஆண்டுதான். வேறு நோய்க்காகப் படுத்திருக்கும்போதே இவற்றைத் தொடங்கலாம். மெதடோன் முதல் நாள் பொதுவாக 10 முதல் 30 மில்லிகிராம். அது உடம்பில் மெல்லச் சேர்ந்து நிலைக்கச் சில நாள் ஆகும் என்பதால் அவசரப்பட்டு அளவைக் கூட்டக் கூடாது. புப்ரினார்ஃபின் வேறு மாதிரி: கியான் நன்றாகத் தெரிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். முந்திக் கொடுத்தால் அந்த மருந்தே கியானைக் கிளப்பிவிடும். “கடைசியாக எப்போது?” என்று நாங்கள் துருவுவது இதற்காகத்தான். மதுவோ தூக்க மாத்திரையோ எடுத்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள், இந்த மருந்துகளோடு அவை சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மெதடோனின் வேலையை வெகுவாகக் குறைத்துவிடும். அதனால் அந்த மாத்திரையைத் தொடங்கினால் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

“ஒரு போதைக்கு இன்னொரு போதையா?” என்று அப்பாக்கள் கேட்பார்கள். இல்லை. சரியான அளவில் இருப்பவர் மயங்கிக் கிடப்பதில்லை, வேலைக்குப் போவார். ‘சுத்தமாக’ நிறுத்தி வீட்டுக்கு அனுப்புவதுதான் எனக்குப் பயம். சில வாரத்திலேயே உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடும். பழைய அளவை மறுபடி எடுத்தால் அதுவே உயிரைக் குடிக்கும்.

2014இல் வெளிவந்த பாஸ்டன் ஆய்வு ஒன்றில், மருத்துவமனையில் சேர்ந்த 139 பேரில் ஒரு பிரிவினருக்குக் கியானை மட்டும் தணித்து அனுப்பினார்கள். மறுபிரிவினருக்குப் புப்ரினார்ஃபினைத் தொடங்கி, வெளியே ஒரு கிளினிக்கோடும் இணைத்துவிட்டார்கள். வெளியே சிகிச்சைக்குள் வந்தவர்கள் முதல் பிரிவில் 100க்கு 12, இரண்டாவதில் 72. ஆறு மாதம் கழித்தும் தொடர்ந்தவர்கள் இரண்டிலும் குறைவுதான். அதனால் வார்டில் தொடங்கினால் மட்டும் போதாது, வெளியே கிளினிக்கோடு அந்த இணைப்பும் வேண்டும்.

ஆகவே டிஸ்சார்ஜ் நாளில் மகனின் கையில் ஒரு கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கிளினிக், எந்தத் தேதி, கடைசியாகக் குடித்த மெதடோன் எத்தனை மில்லிகிராம், எப்போது குடித்தார் என்று அதில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்புகிறார்கள் என்றால் சனி, ஞாயிறுக்கு எங்கே போய்க் குடிப்பது என்று கேளுங்கள். கடிதம் இல்லாவிட்டால் கிளம்பாதீர்கள், மருந்தகக் கவுண்டருக்கு வந்து கேளுங்கள். மூன்று நாள் விட்டுப்போனாலே அளவை மறுபடி குறைத்துத் தொடங்க வேண்டியிருக்கும்.