கல்லை விட்டுத் தங்கத்தை மட்டும் கரைப்பது எப்படி?

கோலார் தங்கவயலில் கண்ணில் நிற்பது சுரங்கத்தைவிட மேடுகள்தான். வெளிறிய, புல்கூடச் சரியாக முளைக்காத மண் மேடுகள். சயனைடு மேடு என்றுதான் ஊரில் பெயர். பூமிக்குள் 3 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி, வட ஆற்காட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் உட்படப் பலர் வெட்டியெடுத்த பாறை அது. தங்கத்தைக் கொடுத்துவிட்டு மாவாகக் கிடக்கிறது.

கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையில் கிடைத்தது சில கிராம் தங்கம்தான். அதுவும் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக. பாதரசத்தால் பிடிக்க முடியாத துணுக்குகளையும் பிடிக்க வழி காட்டியது, 1887-ல் கிளாஸ்கோவில் மெக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை பெற்ற சயனைடு முறை.

தங்கம் எளிதில் எலக்ட்ரானை விட்டுத்தராது, அதனால்தான் துருப்பிடிப்பதில்லை. சயனைடு கலந்த நீரில் கதை மாறுகிறது. ஒரு தங்க அணு எலக்ட்ரானை இழந்த உடனே இரண்டு சயனைடு அயனிகள் அதை இருபுறமும் பிடித்துக்கொள்கின்றன. அப்புறம் அது பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். தொட்டிக்குள் காற்றை ஊதாவிட்டால் எவ்வளவு சயனைடு போட்டாலும் வேலை நடக்காது. குவார்ட்ஸ் பாறை மட்டும் கரையாமல் அப்படியே இருக்கும்.

கரைசலில் சுண்ணாம்பு சேர்ப்பது உயிர் காக்கும் விஷயம். காரத்தன்மை குறைந்தால் சயனைடு நச்சு வாயுவாகக் கிளம்பிவிடும்.

கரைந்த தங்கத்தை மீட்கப் பழைய ஆலைகள் துத்தநாகம் போட்டன. துத்தநாகம் கரைய, தங்கம் வெளியே படியும். இன்று பல ஆலைகளில் அந்த வேலையைச் செய்வது நம் ஊர்த் தேங்காய்ச் சிரட்டைக் கரி! கெட்டியான அந்தக் கரியின் நுண்துளைகளில் தங்கச் சேர்மம் ஒட்டிக்கொள்ளும். இலங்கையிலிருந்து இந்தக் கரி ஏற்றுமதியாகிறது.

கோலார் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. சயனைடு வெயிலில் மெல்லச் சிதையும். ஆனால் தங்கத்தைச் சயனைடு தொடவேண்டும் என்பதற்காக மாவாக்கிய பாறை சிதையாது. காற்றடித்தால் அந்தச் சிலிக்கா தூசி பக்கத்துக் குடியிருப்புகளுக்குள் வருகிறது. மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை மறுபடி எடுக்கலாம் என்ற பேச்சும் எழுகிறது. எடுக்கட்டும்; ஆனால் அந்தத் தூசியை அடக்கும் செலவையும் முதலிலேயே கணக்கில் எழுதட்டும்.