பழைய டிராக்டர்: டீசல் எங்கே போகிறது?

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் பழைய டிராக்டர் பார்க்கப் போகிறவர்கள் தரகரிடம் முதலில் கேட்பது, "மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கும்?" என்பதுதான். அவரும் யோசிக்காமல், "மூணு லிட்டர்தாண்ணே" என்பார். அது பொய்யாகத்தான் இருக்கும் என்றில்லை. காலி டிரெய்லரோடு போகும்போது சரியாகவே இருக்கலாம். அதே வண்டி கரிசலில் சட்டிக் கலப்பையை இறக்கினால் இரு மடங்கு குடிக்கும். உழவு வாடகையை மணிக்கணக்கில் கொடுத்துப் பழகியதால் டீசலையும் மணிக்கணக்கில் பார்க்கிறோம். கேட்க வேண்டியது, எந்தக் கருவியை மாட்டினால் ஏக்கருக்கு எத்தனை லிட்டர் என்று.

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. நல்ல நிலையிலுள்ள டிராக்டர் எஞ்சின், முழுச் சுமையில்கூட, அதில் 3 யூனிட் சொச்சத்தைத்தான் வேலையாக மாற்றும். மற்றதெல்லாம் சைலன்சரிலும் ரேடியேட்டரிலும் சூடாகப் போய்விடும். சுமை குறையக் குறைய இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். கருவி எதுவும் மாட்டாவிட்டாலும் பிஸ்டன் உராய்வு, ஆயில் பம்ப், காற்றாடி எல்லாவற்றுக்கும் எஞ்சின் தீனி போட்டாக வேண்டுமே! ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் மாட்டுத்தாவணியிலிருந்து கிளம்புகிற பஸ்ஸுக்கு ஆகிற செலவு மாதிரி. 19-ஆம் நூற்றாண்டில் பீட்டர் வில்லன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் நீராவி எஞ்சின்களில் இதை அளந்தார். சுமை ஏற ஏறச் செலவு நேர்கோட்டில் ஏறுகிறது. ஆனால் அந்தக் கோடு பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. டீசல் எஞ்சினுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். முழு வேகத்தில் சும்மா ஓடும் எஞ்சின், முழுச் சுமையில் குடிப்பதில் கால் பங்கையாவது குடித்துவிடும்.

சோழவந்தான், வாடிப்பட்டி தென்னந்தோப்புகளில் மட்டையைத் தூளாக்கும் மெஷினை எடுத்துக்கொள்வோம். அதற்கு பி.டி.ஓ. தண்டில் (வண்டியின் பின்னால் கருவிகளைச் சுழற்றும் தண்டு) சராசரியாக 16 குதிரைத்திறன் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், தோராயக் கணக்கில் 50 குதிரைத்திறன் வண்டி மணிக்கு 6 லிட்டரை ஒட்டிக் குடிக்கும். 35 குதிரைத்திறன் வண்டி 5 லிட்டருக்குள் முடித்துவிடும். தூளாகும் மட்டை இரண்டிலும் ஒன்றுதான்.

அதற்காகச் சின்ன வண்டியே எப்போதும் சிக்கனம் என்று கிளம்பிவிடக் கூடாது. ஈரக் கரிசலில் 5 அடி ரொட்டவேட்டரை, அதாவது சுழன்று மண்ணைப் பொடியாக்கும் கருவியை, 25 குதிரைத்திறன் வண்டியில் மாட்டினால் எஞ்சின் திணறும், கரும்புகை தள்ளும். அந்தப் புகை எரியாமல் வெளியே போகிற டீசல். எஞ்சின் திறனில் முக்கால் பங்கையோ அதற்குச் சற்று மேலேயோ கேட்கிற வேலைதான் ஒரு வண்டிக்குத் தோதான வேலை. எனவே முதலில் கருவியை முடிவு செய்யுங்கள், வண்டியைப் பிறகு பார்க்கலாம்.

இழுவை வேலையில் இன்னொரு வழி உண்டு. செவல் மண்ணில் ஒன்பது கொக்கிக் கலப்பை ஓட்டும்போது ஒரு கியர் கூட்டி, ஆக்சிலேட்டரைக் குறைத்தால் அதே வேகத்தில் வண்டி போகும். எஞ்சின் சுற்று குறைவதால் உராய்வுச் செலவும் குறையும். ஆனால் ரொட்டவேட்டர், கதிரடிக்கும் மெஷின் போன்றவற்றுக்கு இது ஆகாது. அவை நிமிடத்துக்கு 540 சுற்று கேட்கும். அந்த 540-ஐ எஞ்சின் எந்தச் சுற்றில் தருகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் 1500-ஐ ஒட்டி, சிலவற்றில் 1800-க்கு மேல். பி.டி.ஓ. வேலைதான் அதிகம் என்றால், என் கணிப்பில், பிராண்டைவிட இந்த எண்ணைப் பார்ப்பதுதான் முக்கியம். சில வண்டிகளில் குறைந்த சுற்றிலேயே 540 தருகிற எகானமி பி.டி.ஓ. இருக்கும், லேசான வேலைக்கு அது வரம்.

பானெட்டில் 'டி.ஐ.' என்று எழுதியிருந்தால் டீசல் நேராக பிஸ்டன் தலையிலுள்ள குழிக்குள் பீய்ச்சப்படுகிறது என்று பொருள். மாஸி 1035, மஹிந்திரா 275 இரண்டிலும் பார்த்திருப்பீர்கள். தனி அறையில் எரியவிட்டுப் பிறகு சிலிண்டருக்கு அனுப்பும் பழைய முறையில் அறைச் சுவர் வழியே வெப்பம் வீணாகும். ஐச்சர் 242 காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் வண்டி. ரேடியேட்டரும் இல்லை, தண்ணீர் பம்பும் இல்லை. சிறு வேலைக்கு அதைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான்.

மாடல் நல்லதாக இருந்து என்ன, எஞ்சின் தேய்ந்திருந்தால்? வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காலையில் போங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். நன்றாக ஓடவிட்ட பிறகு, வால்வு மூடிமேல் இருக்கும் ஆயில் மூடியைக் கழற்றி அதே துளைமேல் கவிழ்த்து வையுங்கள். லேசாக அதிர்ந்தால் பரவாயில்லை. மூடி துள்ளி, துளை வழியே குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உள்சுவரான லைனரும் தேய்ந்து, காற்றை அழுத்தும் கம்ப்ரஷன் இறங்கிவிட்டது. நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். சுமையில் விடாமல் கரும்புகை வந்தால் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். அதன் அடியிலுள்ள ஆயில் தொட்டியில் சேறு கட்டியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம், செலவும் குறைவு. அது சுத்தமாக இருந்தால் டீசலைப் பீய்ச்சும் நாசில், அதற்கு டீசலை அழுத்தி அனுப்பும் எஃப்.ஐ. பம்ப் பக்கம் போக வேண்டும், அங்கே பர்ஸ் இளைக்கும். மணி மீட்டரை நம்பாதீர்கள். கேபிளில் ஓடும் பழைய மீட்டர் எஞ்சின் சுற்றைத்தான் எண்ணும். குறைந்த சுற்றில் ஒரு மணி நேரம் ஓடினாலும் அதில் ஒரு மணி ஏறாது.

பின் டயரில் பட்டை தேய்ந்திருந்தால் சக்கரம் வழுக்கும். வழுக்குகிற ஒவ்வொரு சுற்றும் டீசல்தான். உழவில் 10, 15 சதவீத வழுக்கல் இயல்பு. கலப்பையைத் தூக்கிக்கொண்டு வயலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட்டிச் சக்கரச் சுற்றை எண்ணுங்கள். பிறகு கலப்பையை இறக்கி அதே தூரத்துக்கு எண்ணுங்கள். 20 சுற்று 25 ஆனால் ஐந்தில் ஒரு பங்கு வீண்.

முன்பணம் கொடுக்கும் முன் டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, உங்கள் கருவியை மாட்டி, உங்கள் நிலத்திலேயே அளந்த அரை ஏக்கரை ஓட்டுங்கள். அதே சமதளத்தில் நிறுத்தி, அளவு ஜாடியால் மறுபடி கழுத்துவரை ஊற்றினால் எவ்வளவு பிடிக்கிறதோ அதை இரண்டால் பெருக்குங்கள், அதுதான் ஏக்கர் கணக்கு. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசுச் சோதனை நிலையம் டிராக்டர் மாடல்களைச் சோதித்து, பல்வேறு சுமைகளில் பி.டி.ஓ. டீசல் செலவை அறிக்கையாகத் தருகிறது. கையிலுள்ள இரண்டு மூன்று மாடல்களில் எதைப் பார்ப்பது என்று குழப்பமாக இருந்தால், வயலுக்குப் போகும் முன்பே அந்த அறிக்கைகளை வைத்து ஒன்றிரண்டைக் கழித்துவிடலாம்.