ஊட்டியில் ஏது மலேரியா என்று கேட்பவர்களுக்கு

இந்த சீசனிலும் அதே கதை நடந்துவிட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை, கோத்தகிரிப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். வருகிறவர்கள் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

எஸ்டேட்டில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் பையன், ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல். முதலில் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை, அப்புறம் ஓரிடத்தில் ஊசி, அதற்கப்புறம் இன்னோரிடத்தில் விடால் டெஸ்ட் எடுத்து டைபாய்டு என்று மருந்து. எங்களிடம் வந்தபோது சீட்டில் இருந்தது சி.பி.சி. என்கிற ரத்த அணுக்கள் எண்ணிக்கை, டெங்கு, அவ்வளவுதான். டெங்கு நெகட்டிவ், ஆனால் பிளேட்லெட் ரொம்பக் கீழே. மெஷின் பிளேட்லெட்டைக் குறைத்துக் காட்டினால் ஒரு ஸ்லைடு இழுத்துக் கண்ணால் பார்த்துவிடுவது எங்கள் வழக்கம், ஏனென்றால் சில சமயம் பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மெஷினை ஏமாற்றிவிடும். அப்படிப் பார்க்கப்போய்த்தான் தெரிந்தது. ஆயில் சொட்டு விட்டு நூறு லென்ஸைத் திருப்பினால் சிவப்பணுவுக்குள் கல் வைத்த மோதிரம் மாதிரி மெல்லிய நீல வளையம், அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. சில அணுக்களில் இரண்டு மூன்று வளையங்கள். ஃபால்சிபாரம் மலேரியா, ஆளையே கொல்லக்கூடிய ரகம். யாரும் கேட்காத டெஸ்டில், வேறு எதையோ தேடும்போது கிடைத்தது. பையன் பிழைத்துக்கொண்டான், அது அவன் அதிர்ஷ்டம்.

கூட வந்த மேஸ்திரி அண்ணன் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "இங்க ஏது சிஸ்டர் மலேரியா? இந்தக் குளிர்ல மலேரியாக் கொசு எங்க இருக்கு? மெஷினை மறுபடி பாருங்க." இதே கேள்வியை வெவ்வேறு வாயிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே கிடையாது, வெள்ளைக் கோட்டு போட்டவர்களும் இதில் உண்டு.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். மலை உச்சியில் மலேரியா பரவுவதில்லை என்பது உண்மைதான். கொசுவின் உடம்புக்குள் அந்தக் கிருமி வளர வெப்பம் வேண்டும், சுமார் 16 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும், ஃபால்சிபாரத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சூடு வேண்டும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் அதற்குத் தோதில்லை. ஆனால் இது கொசுவைப் பற்றிய கணக்கு. அந்தப் பையனைக் கொசு இங்கே கடிக்கவில்லை, அவன் ஊரில் கடித்தது. கடித்து ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை காய்ச்சலே இருக்காது, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதற்குள் ஆள் ரயிலேறி, பஸ் ஏறி, எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் படுக்கை போட்டு வேலைக்கும் போய்விடுவான். கிருமி அவன் ரத்தத்தில் இருக்கிறது. வெளியில் உறைபனி கொட்டினாலும் உடம்புக்குள் 37 டிகிரிதான், அங்கே ஊட்டிக் குளிரெல்லாம் எட்டாது. ஆகவே 'இங்கே கொசு இருக்கிறதா' என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. 'இங்கே வருவதற்கு முன்னால் எங்கே இருந்தாய்' என்பதுதான் கேள்வி. அதை ஒருவர், அந்த மூன்று இடங்களில் ஒரே ஒருவர், கேட்டிருந்தால் போதும்.

இதில் ஒரு பழைய வேடிக்கையும் உண்டு. மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பதற்கு 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ஆதாரம் கண்டுபிடித்த ரொனால்டு ராஸ், அதற்கு முன்னால் விடுமுறையில் நம்ம ஊட்டிக்கு வந்து சீகூர் மலைச்சரிவுப் பக்கம் சுற்றியவர். வந்த இடத்தில் அவருக்கே மலேரியா வந்துவிட்டது. சீகூர் அடிவாரம் அந்தக் காலத்தில் காய்ச்சலுக்குப் பேர்போன இடம், அதனால் அங்கேயே பிடித்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் வந்து சில நாளிலேயே படுத்துவிட்டார் என்று படிக்கும்போதெல்லாம், மனுஷன் கீழேயே கடிபட்டுவிட்டுத்தான் மலையேறினாரோ என்று என் லேப் புத்திக்குத் தோன்றும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே எழுதியதைப் பிடித்துக்கொண்டு 'வடக்கே இருந்து வருகிறவர்கள் நோயைக் கொண்டுவருகிறார்கள்' என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பேச்சு வந்தாலே எனக்குக் கோபம் வரும். ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்கள் பிழைப்புக்கு வருகிறார்கள், அவர்கள் இல்லையென்றால் இன்று பல தோட்டங்களில் கொழுந்து பறிக்க ஆளில்லை. தவிர நம்ம ஆட்களும் இதே நோயோடு வருகிறார்கள். மங்களூருக்குக் காய்கறி லோடு ஏற்றிப் போய் ராத்திரி லாரியிலேயே படுத்துத் தூங்கிய டிரைவர், திரிபுரா, மிசோரம் பக்கம் டியூட்டி பார்த்து லீவுக்கு ஹட்டிக்கு, அதாவது தன் மலைக் கிராமத்துக்கு, வந்த ராணுவக்காரர், சென்னையில் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து ரூமில் தங்கிக் கோச்சிங் படித்த பிள்ளை, இவர்களெல்லாம் யார்? ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போய் வருகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். உலகத்து மலேரியாவில் சுமார் கால் பங்கு நைஜீரியாவில் மட்டுமே இருக்கிறது, அங்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம், இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவன் உடம்புக்கு அதை எதிர்க்கும் பழக்கமே கிடையாது. அங்கிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது, அன்றைக்கே ரத்தம் பார்த்தாக வேண்டும். ஒரு நாளில் நினைவு தப்பிவிடலாம்.

டாக்டர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, லேப் ஜன்னலிலிருந்து தெரிவதைச் சொல்கிறேன். ஒற்றை விடால் பாசிட்டிவை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டாதீர்கள், மலேரியாவிலும் விடால் பாசிட்டிவ் காட்டும். தேயிலைக் காட்டில் காய்ச்சல் என்றாலே ஸ்க்ரப் டைபஸ் (புதரில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சல்) நினைவுக்கு வந்து டாக்ஸிசைக்ளின் ஆரம்பிக்கிறீர்கள், தப்பே இல்லை, அதுவும் இங்கே உள்ள நோய்தான். ஆனால் டாக்ஸிசைக்ளின் மலேரியாக் கிருமியையும் பாதி அமுக்கும், ஒழிக்காது, அதனால் எங்களுக்கு ஸ்லைடில் கிருமி கிடைப்பதும் குறைந்துபோகும். அப்புறம், ஒரு தடவை எம்.பி., அதாவது மலேரியாக் கிருமி தேடும் ஸ்லைடு, நெகட்டிவ் வந்தால் மலேரியா இல்லை என்று அர்த்தமில்லை. சந்தேகம் இருந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடி எடுங்கள், மூன்று தடவை பார்த்தபிறகு வேறு பக்கம் திரும்பலாம். கார்டு டெஸ்ட், அதாவது ஒரு சொட்டு ரத்தத்தில் கோடு காட்டும் உடனடி டெஸ்ட், அவசரத்துக்கு நல்லது. ஆனால் ஃபால்சிபாரம் கோடு மருந்து சாப்பிட்டுக் குணமான பிறகும் சில வாரம் காட்டிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது.

வைவாக்ஸ் ரகத்தைப் பற்றி ஒரு கெஞ்சல். இது சாதுவான மலேரியா என்று பேர் வாங்கியது, ஆனால் கல்லீரலில் ஒளிந்து தூங்கும். குளோரோகுயின் மூன்று நாள் சாப்பிட்டதும் காய்ச்சல் போய்விடும், ஆள் வேலைக்குப் போய்விடுவார், கையில் கொடுத்த பிரைமாகுயின் பதினான்கு நாள் மாத்திரை தலையணைக்கு அடியில் கிடக்கும். தூங்குகிற கிருமியைக் கொல்வது அந்த மாத்திரைதான். சாப்பிடவில்லையென்றால் சில மாதம் கழித்து, எந்த ஊருக்கும் போகாமலேயே, அதே காய்ச்சல் திரும்பி வரும். அப்போதும் 'இங்க ஏது மலேரியா' என்று மேஸ்திரி கேட்பார்! தயவுசெய்து பதினான்கு நாளும் சாப்பிடுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு. கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை கூடாது. முடிந்தால் ஆரம்பிக்கும் முன்பு ஜி6பிடி டெஸ்ட் பாருங்கள், அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இது ரத்தத்தை உடைக்கும். இடையில் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

உச்சியில்தான் பரவாதே, அப்புறம் எதற்கு இவ்வளவு சத்தம் என்பவர்களுக்கு: நாம் உச்சியிலேயே உட்கார்ந்திருப்பதில்லை. இன்றைக்குக் கோத்தகிரி, நாளைக்கு மேட்டுப்பாளையம், அங்கே கடிக்கக் கொசு காத்திருக்கிறது. இலங்கையில் என்ன நடந்தது என்று இங்கே டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் உள்ள தாயகம் திரும்பிய குடும்பத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கலாம். 1963இல் அந்த நாடு முழுவதுமே 17 பேருக்குத்தான் மலேரியா. எல்லாம் முடிந்தது என்று கையைக் கட்டிக்கொண்டார்கள், 1960களின் கடைசியில் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. பிறகு பல வருடம் பாடுபட்டு 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கினார்கள். இன்றும் வெளியூரிலிருந்து காய்ச்சலோடு வருகிற ஒவ்வொருவரையும் விடாமல் தேடிப் பார்க்கிறார்கள். நம்மிடம் சுகாதார ஆய்வாளர் லைனுக்கு வந்து விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் கேட்டால், கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

மேஸ்திரிமாரே, புதிதாக ஆள் வந்தால் எந்த மாவட்டம், என்றைக்கு வந்தான் என்று நோட்டில் எழுதி வையுங்கள், காய்ச்சல் என்றால் ஊசிக் கடைக்கு அனுப்பாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள், ஸ்லைடும் மருந்தும் அங்கே இலவசம். அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள், பிடித்தால் அடுத்தவன் காய்ச்சலை மறைப்பான். ஆப்பிரிக்கா போகிறவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை வாங்குங்கள், சில மாத்திரைகளைத் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டியிருக்கும், விமானம் இறங்கியதும் நிறுத்தக் கூடாது. கொசுவலை தேவையில்லாத சுமை இல்லை. திரும்பி வந்து ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே போன ஊரைச் சொல்லுங்கள்.

மலேரியா மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். ஜார்க்கண்டில் தும்கா, கொட்டா, பாக்கூர், சாகிப்கஞ்ச் பக்கத்து ஆள், இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், மண்ணீரல் கைக்குத் தட்டுகிறது என்றால் காலா அசார் என்கிற, மணல் ஈ பரப்பும் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு ஆர்கே39 என்று தனி கார்டு இருக்கிறது, கேட்டால்தான் நாங்கள் வரவழைப்போம்.

கடைசியாக நைட் டியூட்டி பார்க்கும் சிஸ்டர்களுக்கு, நிஜ சிஸ்டர்களுக்கு. ராத்திரி லேப் பூட்டியிருக்கும், டாக்டர் மருந்தை ஆரம்பிக்கச் சொல்வார், ஆரம்பியுங்கள், காத்திருக்க வேண்டாம். ஆனால் முதல் டோஸுக்கு முன்னால் விரலில் குத்தி இரண்டு ஸ்லைடு இழுத்துக் காய வைத்துவிடுங்கள், ஒன்று தடிமனாக, ஒன்று மெல்லியதாக, பேரும் நேரமும் பென்சிலில் எழுதி. காலையில் வந்து நான் ஸ்டெயின் போட்டுக்கொள்கிறேன். ஈ மொய்க்காமல் மூடி வைத்தால் இன்னும் நல்லது.